லேபுக்குப் புது செராமிக் பர்னஸ்: காரைக்குடி நாட்குறிப்பு

அக்டோபர் 27, 2025, திங்கள்

தீபாவளி முடிந்ததும் தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் என் பல் செய்கிற லேபுக்குக் கேஸ் ஒன்றாக வந்து குவிந்துவிட்டது, கார்த்திகை முகூர்த்தத்துக்கு முன்னால் பல் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பாதிப் பேர் அவசரப்படுகிறார்கள், பீங்கான் பல் சுடுகிற பர்னஸுக்கு மட்டும் அந்த அவசரம் தெரியவில்லை. முன்பல் பிரிட்ஜ் (சேர்த்துச் செய்த பல் வரிசை) ஒன்றை, டென்டின் என்கிற பல் நிறப் பவுடர் பூசிச் சுட்டு எடுத்தால் சுண்ணாம்பு வெளுப்பு. திரையில் 920 டிகிரி காட்டுகிறது. பவுடர் அதே, புரோகிராம் அதே.

பதினைந்து டிகிரி ஏற்றிச் சுட்டதில் வெளுப்பு போனது. ஆனால் பர் போட்டுத் தேய்த்தால் உள்ளே ஊசிமுனை ஓட்டைகள். வெளுப்பு சூட்டுக் குறை, அதை ஏற்றிச் சரிக்கட்டலாம். ஓட்டை வேறு வியாதி. பவுடர் துகள்களுக்கு நடுவில் இருக்கிற காற்றைப் பம்ப் இழுத்து வெளியேற்றிய பிறகுதான் துகள்கள் உருகி ஒட்ட வேண்டும், இழுக்காவிட்டால் அது குமிழாக உள்ளேயே தங்கிவிடும், அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் போகாது. மூடி உட்காருகிற சீல் ரிங்கைத் துடைத்துப் பார்த்தேன், துணுக்கு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. இந்த மாடலுக்கு மஃபிளும், அதாவது சூடேறுகிற உள்ளறையும், இப்போது வருவதில்லை. புதுசுதான் வாங்க வேண்டும்.

அக்டோபர் 29, புதன்

நாலைந்து விற்பனையாளர்கள் போட்டோ அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றிலும் திரைதான் பெரிதாகத் தெரிகிறது. ஏழு அங்குலம், வண்ணம், முந்நூறு புரோகிராம். நான் வைத்திருப்பது இரண்டு கம்பெனி பவுடர். உலோகத்தை மறைக்கிற ஒப்பேக் இரண்டு தடவை, டென்டின் இரண்டு தடவை, மேல் பளபளப்புக்கு கிளேஸ் ஒன்று என்று பார்த்தாலும் ஒரு டஜன் புரோகிராமைத் தாண்டாது.

சாயங்காலம், இங்கே இருக்கிற சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொன்னபோது, அவர் திரையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "தெர்மோகப்பிள் என்ன டைப் தம்பி?" என்றார், சூடு அளக்கிற முனையைத்தான் கேட்கிறார். கே டைப் நிக்கல் கலவை, விலை குறைவு, ஆனால் தொள்ளாயிரத்துக்கு மேல் தினமும் ஏறி இறங்கினால் அது காட்டுகிற அளவு மெல்ல மெல்ல விலகும். எஸ் டைப் பிளாட்டினமும் ரோடியமும், விலை கூடுதல், அளவு நிலையாக நிற்கும். அதிலும் அந்த முனை இருப்பது மஃபிளுக்குள் மேலே, பல் இருப்பது கீழே ட்ரேயில். திரையில் தெரிவது முனையின் சூடு, பல்லின் சூடு இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து திருத்த வழி இருக்கிற பெட்டியை வாங்கு என்றார்.

அளக்கிற வழி பழையதுதான். சுத்த வெள்ளி 962 டிகிரியில் உருகும். பல் வைக்கிற உயரத்திலேயே வெள்ளியை வைத்து, 955 என்று போட்டால் அப்படியே இருக்க வேண்டும், 965 போட்டால் உருண்டையாகிவிட வேண்டும். ஒரு விற்பனைத் தம்பி, பட்டறையில் வெள்ளிக் கம்பி வாங்கிக்கொள்ளுங்கள் சார் என்றான். நகை வெள்ளியில் செம்பு கலந்திருக்கும், செம்பு சேர்ந்தால் ரொம்ப முன்னாடியே இளகிவிடும், அதை நம்பி அளந்தால் நல்ல பர்னஸும் கெட்டதாகத் தெரியும். சோதனைக்கென்றே வருகிற கிட் வேண்டும். ட்ரேயும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும், வெள்ளி ஆவி மஃபிளில் படிந்தால் அடுத்து வருகிற பல்லெல்லாம் பச்சை தட்டும்.

நவம்பர் 1, சனி

மதுரை. முதலில் மூடுகிற லேப் ஒன்றில் இருந்த வெளிநாட்டு பர்னஸ், பழசு, பெயர் பெற்றது, விலை ஆசை காட்டியது. வெள்ளி 955இலேயே உருகிவிட்டது. அது பிரச்சினையில்லை, திருத்திக்கொள்ளலாம். வாக்யூம் போட்டுப் பம்பை நிறுத்தியதும் முள் கண் முன்னாலேயே இறங்கியது, எங்கோ காற்று கசிகிறது, அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்து டீலர் கடையில் இரண்டு புது மாடல். கேட்டது இவ்வளவுதான்: என் பவுடரை நானே கொண்டுவந்திருக்கிறேன், ஒரே அளவு வில்லைகளாகத் தட்டி நடுவில் ஒன்று, ஓரத்தில் நாலு வைத்துச் சுட்டுக் காட்டுங்கள். விலை கூடியதில் ஐந்தும் ஒரே பளபளப்பு. மலிவானதில் ஓரத்து வில்லை ஒன்று மங்கல். ஒற்றைப் பல் சுடுகிறவருக்கு அது பெரிய குறை இல்லை, ஆறு பல் பிரிட்ஜ் சுடுகிற எனக்குக் குறைதான்.

கூல்டவுனும் பார்த்தேன், மூடி படிப்படியாகத் திறக்கிறதா என்று. உலோகத்தின் மேல் சுடுகிற செராமிக்கில் லூசைட் என்கிற படிகம் இருக்கிறது, அதுதான் சூட்டில் அது விரிகிற அளவை உலோகத்தின் விரிவுக்குக் கிட்டத்தில் கொண்டுவருகிறது. 1962இல் அமெரிக்காவில் வைன்ஸ்டீன் குழுவினர் பேடன்ட் எடுத்த பவுடரின் சூட்சுமமே அதுதான். ஆறுகிற வேகம் மாறினால் அந்தக் கணக்கும் மாறும், பிரிட்ஜ் கீறல் விட்டு வரும். மலிவான மாடலில் மூடி இரண்டே நிலை, திறப்பு அல்லது மூடல்.

நவம்பர் 5, புதன்

ஒரு டாக்டர் போனில், இனி எல்லாம் உலோகம் இல்லாத ஜிர்கோனியா பல்தானே, எதற்கு இதில் பணம் போடுகிறாய் என்றார். ஜிர்கோனியாவை 1500 டிகிரி பக்கம் சுட வேண்டும், அது வேறு பர்னஸ், மில்லிங் மெஷினோடு சேர்த்து வாங்குகிறவர்கள் வாங்கட்டும். வெளியே கொடுத்துச் சுட்டு வாங்கினாலும் அதன் மேல் ஸ்டெயின் சாயமும் கிளேஸும் சுடுவது இந்தப் பெட்டியில்தானே? கிளேஸ் சுடுவதற்கு வாக்யூமே வேண்டாம். செராமிக்கை இளக்கி அச்சில் அழுத்துகிற பிரஸ் வசதியோடு ஒரு மாடல் சொன்னார்கள், மாதத்துக்கு ஒன்றிரண்டு பிரஸ் கேஸுக்காக அவ்வளவு கொடுக்க முடியாது.

மழை நிற்கவில்லை. பழைய பர்னஸ் இரவில் திறந்தே கிடந்து காலையில் முதல் சுடலில் வாக்யூம் திணறுகிறது. உள்ளே இருக்கிற இன்சுலேஷன் ஈரம் குடிக்கும். போகும்போது மூடிவிட்டுப் போ என்று பையனிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

வீட்டுக்கார ஆச்சி மாடிக்கு வந்து, "தம்பி, புது அடுப்பு கரண்டு ரொம்ப இழுக்குமாமே?" என்றார்கள். ஒன்றரை கிலோவாட், அயர்ன் பாக்ஸைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் ஆச்சி என்றேன். வயரிங் பழசு என்பதால் மீட்டரிலிருந்து தனி லைன் இழுக்க ஒத்துக்கொண்டார்கள், செலவு என்னுடையது.

கரண்டு விஷயத்தை டீலரிடம் எழுத்தில் கேட்டேன். சுட்டுக்கொண்டிருக்கும்போது போய் உடனே வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமா, ரத்தாகிவிடுமா? விலை கூடிய மாடலில் சில விநாடி என்றால் தொடரும், நீண்டால் நின்றுவிடும். மற்றதற்குப் பதிலே வரவில்லை.

நவம்பர் 10, திங்கள்

விலை கூடிய மாடலுக்கே அட்வான்ஸ் போட்டாயிற்று. புரோகிராமட், வாக்யூமட் என்கிற பெயர் பெற்ற வெளிநாட்டு பர்னஸ் வரிசைக்கு என் பட்ஜெட் எட்டாது, எட்டியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது. இதை முடிவு செய்ய வைத்தது வில்லைகளும் சர்வீஸும்தான்: ஆள் மதுரையிலேயே இருக்கிறார், அவர் சர்வீஸ் பார்க்கிற வேறு லேப் இரண்டுக்கு நானே போன் போட்டுக் கேட்டேன், கூப்பிட்டால் மறுநாள் வருகிறாராம். தள்ளுபடி கேட்டதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சரி, அப்படியானால் ஒரு ஸ்பேர் மஃபிளும் வெள்ளி கிட்டும் பில்லோடு சேர்த்துக் கொடுங்கள் என்றேன். கிட்டுக்கு உடனே சரி, மஃபிளுக்கு முதலாளியைக் கேட்டுச் சொல்கிறார்களாம். மீதிப் பணத்தை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.