தாத்தாவின் பாட்டும் பேரனின் பியானோவும்

டிசம்பர் 1, 2024

கானர் சீயின் பியானோ இசையை இன்று இரவும் கேட்டேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பேஜ் ஊரைச் சேர்ந்த, நவஹோ என்னும் பழங்குடியினத்துக் கலைஞர் அவர். பன்னிரண்டு வயதில் நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி அரங்கில் வாசித்தவர். மேற்கத்தியச் செவ்விசையை முறையாகப் பயின்றபின், தாத்தா பாடிய மரபுப் பாடல்களிலிருந்து தமக்கான இசையை எடுத்துக்கொண்டார். பயின்றதையெல்லாம் தாத்தாவின் பாட்டுக்குப் பணிய வைத்த அந்த அடக்கமே என்னை ஈர்க்கிறது.

டிசம்பர் 4

'தினே' என்று தங்களை அழைத்துக்கொள்ளும் நவஹோ மக்களிடம் சடங்கு நடத்துபவருக்கு 'ஹத்தாலி' என்று பெயர். அதன் பொருள் பாடகர் என்பதே. நோயுற்றவரை மீண்டும் 'ஹோஜோ' எனும் இசைவான நிலைக்குக் கொண்டுவருவது பாட்டு என்பதால், அங்கே பாடுவதும் குணப்படுத்துவதும் ஒரே தொழில். அத்தகைய குணப்படுத்தும் சடங்குகளில் ஒன்றான இரவுச் சடங்கு ஒன்பது இரவுகள் நீள்கிறது. 1902-இல் அதைப் பற்றி நூல் வெளியிட்ட ராணுவ மருத்துவர் வாஷிங்டன் மாத்யூஸ், கடைசி இரவின் முதற்பாட்டில் ஓர் அசை தவறினாலும் சடங்கு அங்கேயே நின்றுவிடும் என்று எழுதுகிறார். அத்தனை பாட்டும் ஏட்டில் இல்லை, பாடுபவரின் நினைவில் இருக்கிறது என்பதை எண்ணும்போது மலைப்பாக இருக்கிறது.

டிசம்பர் 9

அப்பாடல்களில் அகராதிப் பொருள் இல்லாத அசைகள் நிறைய வருகின்றன. அவற்றை வெறும் நிரப்பல் என்று ஒதுக்குவது பெரும்பிழை. ஆலாபனையில் 'தரின' என்று இழைப்பவரிடம் யாரும் பொருள் கேட்பதில்லையே! கானர் சீ தம் பியானோத் துணுக்குகள் சிலவற்றுக்கு அந்த அசைகளின் பெயரையே சூட்டியிருப்பது மிகவும் பொருத்தம்.

டிசம்பர் 15

1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களில் பூமியின் இசையைச் சுமந்து செல்லும் தங்க இசைத்தட்டில், இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பாட்டு இடம்பெற்ற அதே தட்டில், இசை ஆய்வாளர் வில்லார்ட் ரோட்ஸ் பதிவு செய்த இரவுச் சடங்கின் பாட்டும் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. காதொலிப்பானைப் பொருத்திக் கேட்டேன். ஆண்களின் குரல் திடீரென உச்சத்துக்குத் தாவுகிறது. கீழே கிலுகிலுப்பையின் சீரான ஓசை.

முதல் உறைபனிக்குப் பின், இடியோசை அடங்கிய குளிர்காலத்தில் மட்டுமே இச்சடங்கு நடத்தப்படும். இரண்டாம் முறை கேட்கும்போது வெளியே இடி இடித்தது. பாட்டை நிறுத்திவிட்டேன்.