லினன் தொப்பி வாங்கும்போது உள்பக்கத்த திருப்பிப் பாருங்க

மார்ச் பாதி தாண்டினா போதும், போன திறந்தாலே லினன் சட்டை, லினன் பேண்ட், இப்ப புதுசா லினன் தொப்பி. சட்டைய பத்தி எழுத ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க, தொப்பிய பத்தி உருப்படியா ஒண்ணும் கண்ல படல, அதான் நானே எழுத உக்காந்துட்டேன். என் தகுதி என்னன்னு கேட்டீங்கன்னா, உச்சந்தலைல முடி கிடையாது. முடி இருக்கறவங்களுக்கு தொப்பி ஒரு ஸ்டைலு, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அது கூரை. கூரை ஒழுகுதா இல்லையான்னு நாங்கதான் பாத்து வாங்கணும்.

முதல்ல நம்ம ஊர் வெயில பத்தி ஒரு வார்த்தை. நுங்கம்பாக்கத்துல 2003 மே 31ஆம் தேதி 45 டிகிரி அடிச்சுது, அது ரெக்கார்டு. ஆனா சென்னைக்காரன உண்மையா படுத்தறது அப்படிப்பட்ட நாள் இல்ல, 37 டிகிரியும் கடல்லேர்ந்து வர்ற ஈரமும் சேந்துக்கிட்டு வேர்வை வழிஞ்சுக்கிட்டே இருக்கும் ஆனா காயவே காயாது பாருங்க, அந்த சாதாரண மே மாச மத்தியானம்தான். அந்த மாதிரி நேரத்துல தலைல பாலியஸ்டர் கேப் போட்டா உள்ள குக்கர் வெச்ச மாதிரி ஆயிடும்னு எல்லாருக்கும் தெரியும். லினன் அங்கதான் உதவுது. சாதாரண காத்துல பருத்தி தன் எடைல சுமார் 8 சதவீதம் ஈரத்த பிடிச்சு வெச்சிருக்கும், லினன் சுமார் 12, பாலியஸ்டர் அரை சதவீதம் கூட கிடையாது. அதோட லினன் நூல் கொஞ்சம் விறைப்பு, நனைஞ்சாலும் பருத்தி மாதிரி தலையோட அப்பிக்காது, நடுவுல காத்து போக இடம் இருக்கும், காயறதும் சீக்கிரம்.

ஆனா இதெல்லாம் தொப்பி முழுசும் லினனா இருந்தாத்தான். விக்கிறவன் சொல்லாத விஷயம் இதுதான். வெளில அழகா லினன் இருக்கும், உள்ள திருப்பினா வழவழன்னு பாலியஸ்டர் லைனிங். தலைல படறது அந்த லைனிங்தானே, வெளில இருக்கற லினன் பக்கத்துல நிக்கறவன் பாக்கறதுக்கு மட்டும்தான். அதனால கடைல தொப்பிய கைல எடுத்ததும் கண்ணாடி முன்னாடி ஓடாதீங்க, மொதல்ல திருப்புங்க. லைனிங்கே இல்லாம இருந்தா நல்லது, தையல் விளிம்புல மட்டும் பருத்தி டேப் வெச்சு மூடியிருந்தா இன்னும் நல்லது. லைனிங் இருந்தே ஆகணும்னா மெல்லிசான பருத்தி. அடுத்து நெத்தில படற பட்டை, ஸ்வெட் பேண்டுன்னு சொல்றது. மொத்த வேர்வையும் முதல்ல போய் சேர்ற இடம் அது. அது பருத்தியாவோ லினனாவோ இருக்கணும், ரெக்ஸின் மாதிரி ஏதாவது இருந்தா ஆயிரம் ரூபாய் தொப்பியா இருந்தாலும் திருப்பி வெச்சுடுங்க, நெத்தில வேர்க்குரு வந்து நிக்கும்.

முன்பக்கம் விறைப்பா நிக்கணும்னு உள்ள பக்ரம், அதாவது பசை ஏத்தின விறைப்புத் துணி, வெச்சு தைப்பாங்க சில பேரு. குளிர் ஊர்ல ஓகே, இங்க அது காத்த அடைக்கும், துவைச்சா பொங்கிக்கிட்டு கொப்புளம் மாதிரி ஆயிடும். பக்ரம் இல்லாத தொளதொள தொப்பிதான் நமக்கு.

பிரிம், அதாவது முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கறது, அதுக்குள்ள என்ன இருக்குன்னு கேளுங்க. கடைக்காரருக்கு தெரியாது, பரவாயில்ல, நீங்களே லேசா வளைச்சு விட்டுப் பாருங்க. பிளாஸ்டிக் ஷீட்டுன்னா திரும்பி பழைய வடிவத்துக்கு வந்துடும். அட்டைன்னா ஒரு மாதிரி காகித சத்தம் வரும், விரலால தட்டினாலும் தெரியும். அட்டை வெச்ச தொப்பிய ஒரு தடவை நல்லா முக்கி துவைச்சா கதை முடிஞ்சுது. நம்ம ஊர் வேர்வைக்கு அடிக்கடி துவைக்கத்தான் வேணும், அப்ப அட்டை எதுக்கு? பிரிமுக்கு அடிப்பக்கம் என்ன கலர்னும் பாருங்க. வெள்ளையா இருந்தா ரோட்லேர்ந்து வர்ற கண்ணு கூசற வெளிச்சம் அதுல பட்டு கண்ணுக்குள்ள திரும்பி அடிக்கும். சாம்பலோ கரும்பச்சையோ இருந்தா கண்ணு நிம்மதியா இருக்கும்.

மாடல் விஷயத்துல என் கருத்து கொஞ்சம் கறார்தான். லினன்ல தட்டைத் தொப்பி, அந்த இங்கிலாந்து தாத்தாங்க போடுவாங்களே, ரொம்ப அழகா இருக்கும், கல்யாண ரிசப்ஷனுக்கு ஜோர். வெயிலுக்கு பிரயோஜனம் இல்ல, முன்னாடி ரெண்டு விரல்கடை நிழல் கூட விழாது. பேஸ்பால் கேப் நெத்தியையும் மூக்கையும் காப்பாத்தும், காதும் பின்னங்கழுத்தும் அம்போ. சென்னைல ஏப்ரல் 24 வாக்குல மத்தியான சூரியன் நேரா உச்சிக்கு மேல வந்துடும், கம்பத்துக்கு நிழலே விழாதே, அந்த நாள்தான். அப்ப எந்த தொப்பி போட்டாலும் ஒண்ணுதான், எல்லாமே உச்சந்தலைய மறைக்கும். சிக்கல் மூணு மூணரை மணிக்கு, சூரியன் சாஞ்சு பக்கவாட்டுல அடிக்கும்போது. அந்த நேரத்துல நடக்கறவங்க, கிரவுண்டுல நிக்கறவங்க, சேப்பாக்கத்துல வெயில் படற பக்கம் டிக்கெட் கிடைச்சவங்க, சுத்தி விளிம்பு இருக்கற பக்கெட் தொப்பி எடுங்க. தோல் டாக்டருங்க சொல்ற கணக்கு சுத்தி மூணு இன்ச், அதாவது ஏழரை சென்டிமீட்டர் விளிம்பு. கடைல கிடைக்கற பக்கெட் தொப்பி நிறைய அதுக்கு கம்மியாத்தான் இருக்கும், இஞ்ச் டேப் எடுத்துட்டு போனா ஒண்ணும் தப்பில்ல.

நெசவையும் பாக்கணும். தொப்பிய ட்யூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிங்க. வெளிச்சம் பொட்டு பொட்டா நல்லா தெரிஞ்சா வெயிலும் அதே வழியா உள்ள வரும். காத்துக்காக ரொம்ப சல்லடையா எடுத்தா மண்டை கருகும், கெட்டியா எடுத்தா வேர்க்கும், நடுவுல ஒண்ணு பாத்து எடுக்கணும். முடி இருக்கறவங்களுக்கு இது பெரிய விஷயமில்ல, எனக்கு பெரிய விஷயம். கலர் கொஞ்சம் அழுத்தமா இருந்தா புற ஊதாக் கதிர தூய வெள்ளைய விட நல்லா தடுக்கும். காக்கி, ஆலிவ், அழுத்தமான நீலம் எல்லாம் ஓகே, ஆனா அழுத்தமான நீலம் முதல் ரெண்டு துவையல்ல சாயம் விடலாம், வெள்ளைச் சட்டையோட போடாதீங்க.

லினன்தானா இல்ல லினன் பேர்ல வேற எதாவதான்னு பாக்கறதுக்கு, நூல பாருங்க. ஒரே சீரா இருக்காது, அங்கங்க தடிச்சு முடிச்சு மாதிரி வரும், அது குறை இல்ல, அதுதான் லினன். லேபிள்ல லினன் லுக், லினன் ஃபீல்னு போட்டிருந்தா அது லினன் இல்லன்னு அர்த்தம், அவ்ளோதான். உள்தையல்லேர்ந்து ஒரு நூல் பிச்சு கொளுத்திப் பாக்க சொல்வாங்க. பாலியஸ்டர் உருகி கெட்டியா மணி மாதிரி ஆகும், லினன் காகிதம் எரியற வாசனையோட சாம்பலாகும். ஆனா பருத்தியும் ரேயானும் கூட அதே மாதிரிதான் எரியும், அதனால இந்த டெஸ்ட் பாலியஸ்டர கண்டுபிடிக்க மட்டும்தான் உதவும். லினன்ல பாதி பருத்தி கலந்திருந்தா நான் வேணாம்னு சொல்ல மாட்டேன், தொப்பிக்கு அது நல்லாவே இருக்கும், சுருக்கமும் கொஞ்சம் கம்மி, விலையும் கம்மி. லினன் ஏன் விலைன்னா, அது ஆளிச்செடி நார்லேர்ந்து வர்றது, அந்தச் செடிய நம்ம நாட்டுல பெரும்பாலும் விதைக்காகத்தான் போடறாங்க, நல்ல நாருக்கு பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம்தான் போகணும்.

சைஸ். புருவத்துக்கு ஒரு விரல் மேல, காதுக்கு மேல, பின்மண்டை மேட்டோட சேத்து டேப் சுத்துங்க. 58 சென்டிமீட்டர் வந்தா 58 எடுக்கணும்னு தோணும். முன்னாடியே துவைச்சு சுருக்காத லினன் மூணு சதவீதம் சுருங்கினா கூட 58ல ஒண்ணேமுக்கால் போச்சு, தொப்பி தலைல நிக்காம உக்காந்து நெரிக்கும். அதனால ஒரு விரல் தாராளமா எடுங்க, பின்னாடி பட்டை வெச்சு டைட் பண்ற மாதிரி இருந்தா கவலையே இல்ல. அந்த பட்டைல வெல்க்ரோ வேணாம், லினன் நூல அது பிச்சு பிச்சு எடுத்து பஞ்சாக்கிடும். துணிப் பட்டையும் சின்ன பித்தளை பக்கிளும் போதும்.

திருச்சில எங்க மாமா, எழுபது தாண்டியாச்சு, நான் தொப்பியோட போய் நின்னா "ஏன் மாப்ள, தலைக்கு ஒரு துண்டு பத்தாதா?"ன்னு கேப்பாரு. நியாயமான கேள்விதான். பருத்தித் துண்ட நனைச்சு பிழிஞ்சு தலைல போட்டா அதுக்கு ஈடா எந்த பிராண்டு தொப்பியும் கிடையாது, காதும் கழுத்தும் சேந்து மறையும். என்ன, வண்டிலேர்ந்து இறங்கி ஆபீஸ் மீட்டிங்குக்குள்ள அப்படியே போக முடியாது. மாமாவுக்கு அந்தத் தொல்லை இல்ல.

ஆங், வண்டின்னதும் ஞாபகம் வருது, தொப்பி போட்டு அதுக்கு மேல ஹெல்மெட் மாட்றவங்க கவனிங்க. உச்சில இருக்கற அந்த பட்டன் மண்டைல அழுத்தும், ஹெல்மெட்டும் சரியா உக்காராது, விழுந்தா அது வேற ஆபத்து. தொப்பிய பைல வைங்க.

இனி துவைக்கிற கதை. தூசிய பத்தி கவலப்படாதீங்க, தட்டினா போயிடும். எதிரி வேர்வை உப்பும் எண்ணெயும். கருப்பு, நீலத் தொப்பில பட்டைக்கு மேல வெள்ளை வெள்ளையா கோடு பூத்து நிக்குமே, அது உப்பு. அதுக்கு சோப்பே வேணாம், வெறும் தண்ணில கரைஞ்சுடும். நல்லா வேர்த்த அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் பட்டைய மட்டும் குழாய்ல காட்டி அலசி நிழல்ல வெச்சா போதும், தொப்பிக்கு ஆயுசு கூடும். தேங்காயெண்ணெய் தேய்க்கிற தலைன்னா பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு, பழைய டூத் பிரஷ், எண்ணெய் ஏறின இடத்துல மட்டும் மெதுவா தேய்ச்சு பத்து நிமிஷம் விட்டு அலசுங்க. முழு துவையல் பச்சத்தண்ணில, லிக்விட் டிடர்ஜென்ட் கொஞ்சமா. லினன் நனைஞ்சா பலம் கூடுமே தவிர குறையாது, அதனால தண்ணிக்கு பயப்பட வேணாம், முறுக்கிப் பிழியறதுக்குத்தான் பயப்படணும், பிரிமு கோணிக்கும். வாஷிங் மெஷின் வேணவே வேணாம். துண்டுல வெச்சு ஒத்தி எடுத்துட்டு, தலை சைஸுக்கு ஒரு எவர்சில்வர் குண்டான கவுத்து அது மேல மாட்டி நிழல்ல காய வைங்க.

மஞ்சளா, ஆரஞ்சா ஒரு கறை நெத்திப் பட்டைல வரும், எத்தன சோப்பு போட்டாலும் போகாது, எல்லாரும் வேர்வைன்னு நினைப்பாங்க. பாதி நேரம் அது சன்ஸ்கிரீன். நிறைய சன்ஸ்கிரீன்ல அவோபென்சோன்னு ஒரு பொருள் இருக்கும், அது தண்ணில இருக்கற இரும்போட சேந்தா துரு கலர்ல கறை பிடிக்கும். போர் தண்ணி வர்ற ஏரியால இருக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம், பக்கெட்டே பழுப்பா இருக்கும். இதப் பாத்துட்டு வெள்ளையாக்கறேன்னு பிளீச் ஊத்தினா கறை இன்னும் அழுத்தமாகும், துணியும் வீணாப் போகும். எலுமிச்சை சாறு இல்ல சிட்ரிக் ஆசிட் கரைசல் போட்டு கொஞ்ச நேரம் விட்டு அலசுங்க, அழுத்தமான கலர் தொப்பின்னா முதல்ல உள்பக்கம் ஓரத்துல ஒரு சொட்டு வெச்சுப் பாத்துக்கோங்க. கடைசி அலசல கேன் தண்ணில பண்ணுங்க, ஒரு சொம்பு தண்ணிதானே. கிரீம் தடவினதும் உடனே தொப்பி மாட்டாம கொஞ்சம் ஊற விட்டாலும் பாதி பிரச்சனை வராது.

மஞ்சத்தூள் கறைக்கு மட்டும் நிழல்ல காய வைக்கிற ரூல் தலைகீழ். சோப்பு பட்டா சிவப்பாகும், பயப்படாதீங்க, அலசிட்டு வெயில்ல போடுங்க, தானா வெளிறிடும். குங்குமம் அப்படி போகாது, கோயிலுக்கு போயிட்டு வந்தா நெத்திய துடைச்சுட்டு தொப்பி போடுங்க.

அயர்ன் பண்ணணுமா? நான் பண்றதில்ல, சுருக்கம் இல்லாத லினன் தொப்பி பாக்கவே பொய்யா இருக்கு. பண்ணியே ஆகணும்னா லேசா ஈரமா இருக்கும்போதே பண்ணுங்க, காஞ்சப்புறம் எவ்ளோ சூடு வெச்சாலும் அந்த சுருக்கம் அசையாது. பிரிம் பக்கம் பொட்டி போகவே கூடாது, உள்ள பிளாஸ்டிக். கஞ்சி போடாதீங்க. கஞ்சி போட்ட லினன மடிச்சா மடிப்புல நூல் உடையும், போதாக்குறைக்கு வெள்ளிப்பூச்சிக்கு கஞ்சின்னா உயிரு, பீரோவுக்குள்ள வந்து சாப்பிட்டு போகும். கார் டேஷ்போர்டுல விட்டுட்டு போறது, ஆணில மாட்றது ரெண்டும் வேணாம், ஒண்ணுல பிரிம் வளையும், இன்னொண்ணுல உச்சில மூக்கு முளைக்கும். ஐப்பசி மழை ஆரம்பிச்சா நல்லா காய வெச்சு, உள்ள பழைய வேட்டித் துணிய சுருட்டி அடைச்சு, காத்து போற மாதிரி துணிப்பைல வைங்க. பிளாஸ்டிக் கவர்னா தை மாசம் எடுக்கும்போது கரும்புள்ளி பூஞ்சை கோலம் போட்டிருக்கும்.

ரெண்டு மூணு வெயில்காலம் போனா ஸ்வெட் பேண்டு நைஞ்சுடும், லினன் அப்படியே இருக்கும், இன்னும் மெத்துன்னு கூட ஆகியிருக்கும். தூக்கிப் போடாதீங்க. ஆல்ட்ரேஷன் பண்ற டெய்லர்கிட்ட குடுத்து பழைய பட்டைய பிரிச்சுட்டு புதுசு வெக்கச் சொல்லுங்க. துணி நீங்களே குடுங்க, நல்லா துவைச்சு பழகின பருத்தி வேட்டி இருந்தா அது போதும். கிராஸ் பீஸா, அதாவது துணிய மூலைவாட்டுல வெட்டச் சொல்லுங்க, நேரா வெட்டினா தலை வளைவுக்கு இழுத்துக்கிட்டு நெத்தில மடிப்பு விழும்.