செருப்பு போட்ட கிரிவலம்

ஊர் திரும்பி இன்றோடு மூன்று நாள். பால்கனிச் சுவரில் இரண்டு மலையேற்றக் குச்சிகள் சாய்ந்து நிற்கின்றன, விலைச் சீட்டைக்கூடக் கிழிக்காமல். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எங்கள் ஆபீசர் (என் வீட்டுக்காரர்தான்) முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அம்மா விடுவாளா? "மாப்பிள்ளை, இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு கயிறு கட்டினா துணியாவது காயும்ல?" என்று தினம் ஒரு தடவை கேட்டுவிடுகிறாள்.

எல்லாம் அந்த லேப்டாப்பில் ஆரம்பித்தது. அம்மாவுக்குத் தொண்ணூறு நாள் விசா. அதில் பாதியை ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் நூரம்பெர்க் குளிரில் ரஜாய்க்குள்ளேயே கழித்துவிட்டாள். வெளியே எட்டிப் பார்ப்பது, "இன்னும் விடியலையா?" என்பது, மறுபடி உள்ளே போவது. மணி அப்போது காலை ஒன்பதரை. பாவம் பார்த்து ஆபீசர் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து மலிவு விலை டிக்கெட் தேடினார். கிடைத்த ஊர் ஃபுயர்த்தேவெந்தூரா. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் ஒன்று. ஆனால் ஸ்பெயின் இருப்பது எங்கேயோ. பக்கத்தில் இருப்பது ஆப்பிரிக்கா, சுமார் 100 கிலோமீட்டர்தான். அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. முதல் நாளே "பூர்த்திவெந்தயம்" என்று மாற்றிவிட்டாள். இப்போது வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். சின்னது பள்ளிக்கூடத்திலும் அதையே சொல்லிவிட்டு வந்திருக்கிறது.

ஏர்போர்ட்டில் வாடகைக் கார் எடுத்துப் பத்து நிமிஷம் போயிருப்போம். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மண், கல், முள், மறுபடியும் மண். "ஏன்டி, இவ்ளோ காசு குடுத்து ராமநாதபுரத்துக்கா கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

தப்புச் சொல்ல முடியாது. வருஷத்துக்கு 100, 150 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தத் தீவுக்குப் பெரிய விஷயம். குழாயில் வருவது கடல் தண்ணீரைச் சுத்திகரித்த தண்ணீர். ராமநாதபுரத்துக்காரர்கள் உண்மையில் கோபப்பட வேண்டும், அவர்களுக்கு மழை இதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். ஆடுகள் மட்டும் இந்தத் தீவில் செழிப்பு. தலைநகரத்துக்கே 1956 வரைக்கும் "புவேர்ட்டோ டே காப்ராஸ்", அதாவது ஆட்டுத் துறைமுகம் என்றுதான் பெயர். அப்புறம் ஜெபமாலைத் துறைமுகம் ஆக்கிவிட்டார்கள். "பேர மாத்திட்டாங்க சரி, ஆட்ட மாத்தினாங்களா?" என்றாள் அம்மா. மாற்றவில்லை. ரோட்டோரம் நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

இரண்டாம் நாள் கடலைப் பார்க்கப் போன இடத்தில் கல்லிடுக்கிலிருந்து அணில்கள் வந்தன. முதுகில் வெள்ளைக் கோடு. அம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டே விட்டாள். ராமர் தடவின கோடு இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்று அவளுக்கு ஆச்சரியம். 1965இல் யாரோ எதிர்க்கரை ஆப்பிரிக்காவிலிருந்து வளர்ப்பதற்குக் கொண்டுவந்தார்களாம், அது பெருகித் தீவு முழுக்க ஆகிவிட்டதாம். தீனி போடக்கூடாது, போட்டால் அபராதம். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா பையில் கையை விட்டிருந்தாள். பொட்டுக்கடலை. நூரம்பெர்க்கிலிருந்து பூர்த்திவெந்தயத்துக்குப் பொட்டுக்கடலை எடுத்துவந்தவள் என் அம்மாவாகத்தான் இருக்கும். கையைப் பிடித்து வெளியே எடுப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

மூன்றாம் நாள்தான் மலை. திந்தாயா. தீவின் வடக்கே, அதே பேருள்ள கிராமத்துக்குப் பக்கத்தில், 401 மீட்டர். சுற்றியுள்ள எரிமலைக் குன்றெல்லாம் வறுத்த மிளகாய் நிறத்தில் இருக்க, இது மட்டும் சந்தனம் பூசிக் காய்ந்த மாதிரி வெளிறித் தனியாக நிற்கும். வாயைத் திறந்து நெருப்புக் கக்கிய மலை இல்லை இது. உள்ளேயே பொங்கி, உள்ளேயே இறுகி, மேல்மண் கரைந்த பிறகுதான் வெளியே தெரிகிறது. (எங்கள் சின்ன நாத்தனார் ஞாபகம் வந்தது. அவளும் இந்த ரகம்தான்.)

ஆபீசர் இந்த மலைக்காகத்தான் வந்தார் என்றே சொல்லலாம். ஒரு மாதமாக வீடியோ பார்த்துப் பார்த்து, ஷூ வாங்கி, குச்சி வாங்கி, அந்தக் குச்சியை ஹாலில் ஊன்றி நடந்து பழகி, கீழ்வீட்டுக் கிழவியம்மாள் மேலே வந்து கதவைத் தட்டி... அதைத் தனியாக எழுதுகிறேன். காரை நிறுத்தி, குச்சியை நீட்டி, தொப்பியை மாட்டி, நாலு எட்டு வைத்திருப்பார். எதிரே பலகை. பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சின்னம், அனுமதி இல்லாமல் ஏறக்கூடாது. 1994லிருந்தே அது பாதுகாக்கப்பட்ட மலை. சோப்புத்தூள் டப்பாவில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் படித்து எனக்குப் பாடம் எடுக்கிறவர், மலைக்கு வரும்போது இதைப் படிக்கவில்லை. அவர் பார்த்த வீடியோ எந்தக் காலத்ததோ.

"ஏன் ஏறக்கூடாதாம்?" என்றாள் அம்மா.

போனில் படத்தைக் காட்டினேன். ஐரோப்பியர்கள் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தீவைப் பிடிப்பதற்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் மாஹோக்கள், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சனம். அவர்கள் இந்த மலை உச்சிப் பாறைகளில் பாதங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இருநூறுக்கு மேல். சதுரமான பாதம், நுனியில் விரலுக்குச் சின்னச் சின்னக் கோடு, பெரும்பாலும் ஜோடி ஜோடியாக. நிறையப் பாதங்கள் தென்மேற்கைப் பார்த்தபடி. வானம் தெளிவாக இருந்தால் அந்தத் திசையில் கடல் தாண்டி தெனெரீஃபே தீவின் பெரிய சிகரம் தெரியுமாம். அன்றைக்கு சஹாராப் புழுதி வந்து வானமே சுக்குக் காபி நிறத்தில் இருந்தது. எதிரே நிற்கிற ஆடுதான் தெரிந்தது.

அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இது சாமி பாதம்டி. நம்ம பொன்னூர் மலை மேல சமணச் சாமியாரோடது இருக்கே, அந்த மாதிரி. இதுல போய் ஷூவோட ஏறப் பாத்தீங்களே மாப்பிள்ளை!"

ஆபீசர் குச்சியை மடக்கினார்.

"ஏறக்கூடாதுன்னா போகுது. மலைன்னா ஏறித்தான் ஆகணுமா? சுத்தலாம்ல?" என்று சொல்லிவிட்டு அம்மா செருப்பைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அரைமணி நேரம் நடந்தது அந்தச் செருப்புச் சண்டை. திருவண்ணாமலையில் பதினாலு கிலோமீட்டரும் வெறுங்காலோடு சுற்றியவள், பௌர்ணமி தவறாமல் பதினோரு வருஷம். இது தார் ரோடு இல்லம்மா, சர்க்கரை நோய்க் காலும்மா, இங்கே முள் குத்தினால் ஆஸ்பத்திரியில் எந்த மொழியில் சொல்வேன் என்றெல்லாம் கெஞ்சி, கடைசியில் சின்னது "பாட்டி, ஷூவும் மாட்டுத் தோல்தானே, மாடு சாமிதானே" என்று ஒரு போடு போட்டதும்தான் மாட்டிக்கொண்டாள். அது மாட்டுத் தோல் இல்லை, தள்ளுபடியில் வாங்கிய ரெக்சின். யாரும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்து கற்பூரம். பாதுகாக்கப்பட்ட இடத்தில் நெருப்பா என்று எனக்குப் பகீரென்றது. "இந்தக் காத்துல ஏத்தினா மட்டும் எரியப் போகுதா?" என்று முறைத்துவிட்டுப் பொட்டலத்தைத் திரும்ப உள்ளே வைத்தாள். பதிலுக்கு வாழைப்பழச் சீப்பு வெளியே வந்தது. இந்தத் தீவுகளின் வாழைப்பழம் நம் ஊர்ப் பழம் மாதிரியே சின்னதாக, மேலே கருப்புப் புள்ளியோடு, நல்ல இனிப்பு. அதை மலையைப் பார்த்து ஒரு கல்லின் மேல் வைத்துக் கண்ணை மூடினாள். நாங்களும் மூடினோம். திறந்து பார்த்தால் சீப்பைக் காணோம், பழுப்பு வெள்ளாடு ஒன்று தோலோடு மென்றுகொண்டிருந்தது. அசைபோட அசைபோட வாயோரத்தில் பழம் நுரை மாதிரி வழிய, மஞ்சள் கண்ணால் எங்களையே பார்த்தது. கொஞ்சமும் கூச்சமில்லை.

"எடுத்துக்கிச்சு," என்றாள் அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக.

பின்னாலேயே ஆட்டுக்காரர் ஓடிவந்தார். எழுபது வயசிருக்கும். கையை விரித்து என்னவோ சொல்கிறார், "காப்ரா, காப்ரா" என்று ஆட்டைக் காட்டுகிறார். "காபரா எல்லாம் ஒண்ணும் இல்லைங்க, சாப்பிடட்டும்," என்று அம்மா சமாதானம் சொன்னாள். காப்ரா என்றால் ஆடு என்று நான் சொன்னபோது இரண்டு பேரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அம்மா ஆட்டின் மடியைத் தொட்டுப் பார்த்து விரலால் "ரெண்டு லிட்டர் வருமா?" என்று கேட்கிறாள், அவர் தலையை ஆட்டி மூன்று விரலைக் காட்டுகிறார். நான் இரண்டு வருஷம் ஆப்பில் ஸ்பானிஷ் படித்தவள். "ஆப்பிள் மேசையின் மேல் இருக்கிறது" வரைக்கும் தெரியும்.

நடந்தோம். மண்பாதை, காற்று, காற்றில் மண், வாயில் மண். ஒரு கிலோமீட்டர் ஆனதும் ஆபீசர் ஒரு பாறையில் உட்கார்ந்தார். "அத்தை, பிள்ளையார் என்ன பண்ணினார்? அப்பா அம்மாவைச் சுத்திட்டு மாம்பழத்தை வாங்கிக்கலையா? நானும் உங்களையே மூணு சுத்து சுத்திடறேன், ரூமுக்குப் போயிடலாம்."

"என்னைச் சுத்தினா மாம்பழம் கிடைக்காது மாப்பிள்ளை, மூட்டு வலித் தைலம்தான் கிடைக்கும்."

அந்தப் பக்கம் திரும்பியபோது மலையின் இடுப்பில் வெட்டுக்காயம் தெரிந்தது. கல் எடுத்த இடம். இந்தக் கல் பளபளவென்று அழகாக இருக்கிறதென்று கட்டடங்களுக்கு வெட்டியிருக்கிறார்கள். கால் வலிக்கிறவருக்குத்தானே படிக்க நேரம், ஆபீசர் உட்கார்ந்தபடியே போனில் படித்துச் சொன்னார். எதுவார்தோ சில்யீதா என்று ஒரு பெரிய ஸ்பானிய சிற்பி. இந்த மலைக்குள்ளே சுமார் ஐம்பது மீட்டர் நீளம், அகலம், உயரத்துக்கு வெற்றிடம் ஒன்று குடைய ஆசைப்பட்டாராம், மேலே சூரியனுக்கு ஒரு ஓட்டை, நிலாவுக்கு ஒரு ஓட்டை. மலையைத் தொடாதே என்று ஒரு கூட்டம் கொடி பிடித்தது. அவர் 2002இல் இறந்தும் போனார். மலை குடையாமலே நிற்கிறது.

"குடைவரை மாதிரி, அத்தை."

"அதான் மாமண்டூர்ல மகேந்திரவர்மன் குடைஞ்சு வச்சிருக்கானே, போய்ப் பாக்க வேண்டியதுதானே அந்த ஆளு." அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் அந்த வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோண்டு வெட்டினதுக்கா கொடி பிடிச்சாங்க?"

ஊரில் எங்கள் தாத்தா வீட்டுக்குப் பின்னால் ஒரு குன்று இருந்தது, எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். முதலில் அஞ்சு பேர் கல் உடைக்கச் சுத்தியலோடு வந்தார்கள். அப்புறம் கம்ப்ரசர். அப்புறம் மத்தியானம் ரெண்டு மணி வெடி, ஒவ்வொரு வெடிக்கும் தாத்தா வீட்டு ஓடு ஒரு விரக்கடை நகரும். தாத்தா மூங்கிலால் தள்ளித் தள்ளிச் சரிபண்ணுவார். இப்போது அங்கே நாற்பது அடிப் பள்ளமும் பச்சைத் தண்ணீரும்தான். அந்தக் குன்றிலும் பாதம் ஒன்று இருந்ததாம். பாண்டவர் பாதமாம். அம்மா ஒரு நாளும் எங்களிடம் சொன்னதில்லை, அன்றைக்குத்தான் சொன்னாள். சின்ன வயசில் மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்குமாம், அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவார்களாம். "அது எந்த ரோட்டுல கெடக்கோ, எந்த வீட்டுக் கான்கிரீட்ல கெடக்கோ. எவன் மேல ஏறி நடக்கறானோ."

முட்டி அதற்கு மேல் ஒத்துழைக்கவில்லை. சுற்று முடியவில்லை, பாதியில் திரும்பினோம். கிரிவலத்தில் வந்த வழியே திரும்புவது கூடாதாம். காரில் ஏறும்வரை மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தாள். காரில் போய் மிச்சத்தை முடித்தால் கணக்கில் வருமா என்று ஆபீசர் கேட்டதற்கு அவள் பதிலே சொல்லவில்லை. திருவண்ணாமலைக்கே மூன்று வருஷமாகப் போக முடியவில்லை அவளால். முட்டிதான். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இன்று காலை ஊருக்கு போன் போட்டு டீச்சரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "கூட்டமே இல்ல டீச்சர், நாங்களும் ஆடுங்களும்தான். யாரோட பாதம்னே தெரியாது அவங்களுக்கு, ஆனா ஒருத்தன் கால் வைக்க முடியாது... ஆமாமா, முழுசா சுத்திட்டோம்."

நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். போனை வைத்துவிட்டு, புழுதி படிந்த ஷூவை நான் கழுவுவதற்காக வைத்திருந்த இடத்திலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றித் தன் பெட்டிக்குள் வைத்தாள்.

"ஏன்டி, அங்கயும் பௌர்ணமி வருமில்ல?"

"வரும்மா. ஒரே நிலாதானே."

"அப்ப அடுத்த வருஷத்துக்கு டிக்கெட் என்ன விலைன்னு பாரு. அந்தக் குச்சிய மாப்பிள்ளை கடையில திருப்பிக் குடுத்துடாம இருக்கட்டும். எனக்கு ஊனிக்க வேணும்."