ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும்

அக்டோபர் 5

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறப்பார்களா, கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று தவித்துக் கிடந்தோம். இப்போது அதே தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்று பார்க்க வேண்டிய நாள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயம் பண்ணுகிறவனுக்கு வருஷத்தில் இந்த இரண்டு கவலையும் உண்டு. இன்று நாலு பேராக இறங்கி வடிகாலில் அடைத்துக் கிடந்த வெங்காயத்தாமரையை இழுத்துப் போட்டோம். பாதிதான் முடிந்தது. என் வயலுக்கு நேராக மட்டும் சுத்தம் செய்து பயனில்லை, கீழே இருப்பவரும் வெட்டிவிட்டால்தான் தண்ணீர் நகரும். அதனால் நாளைக்குக் கீழ்க்கரைக்காரர்கள் வீட்டுக்குப் போய் நேரிலேயே கேட்கப் போகிறேன். மழை பிடித்த பிறகு மண்வெட்டியோடு ஓடுவது ரொம்பச் சிரமம்.

அக்டோபர் 9

ஆடுகளுக்குத் துள்ளுமாரித் தடுப்பூசி போட்டாகிவிட்டது. கொழுத்த ஆட்டைத் திடீரெனச் சாய்த்துவிடும் குடல் நச்சு நோய் அது. குடற்புழு மருந்து போன வாரமே கொடுத்திருந்தேன். ஊசி போட்ட மறுநாளே எதிர்ப்பு வந்துவிடாது, இரண்டு வாரமாவது ஆகும், அதனால் மழை தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் இதைத் தள்ளிப்போட்டேன். முதல் மழைக்குத் தளதளவென்று முளைத்த புல்லை வயிறு முட்ட மேய்ந்த மூன்று குட்டிகள், நல்ல கொழுத்த குட்டிகள், விடிவதற்குள் துடித்துச் செத்துப்போயின. அந்தக் காலைப்பொழுது இன்னும் மனதில் இருக்கிறது. அதனால்தான் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், இந்த ஊசியைத் தவறவிடாதீர்கள். மாடுகளுக்குக் கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகவே போடுகிறார்கள், அதையும் விட வேண்டாம்.

அக்டோபர் 20

வைக்கோல் போரை மேட்டுக்கு மாற்றி, அடியில் கட்டை போட்டு, மேலே தார்ப்பாய் கட்டினோம். நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோலை மாடு பசிக்குத் தின்றுவிடும், பிறகு செரிமானம் கெட்டுப் பாலும் குறையும்.

காலையில் ஆட்டைச் சீக்கிரம் அவிழ்ப்பதையும் நிறுத்திவிட்டேன். ஈரப்புல்லின் நுனிவரை குடற்புழுவின் குஞ்சுகள் ஏறியிருக்கும், வெயில் வந்து பனி காய்ந்த பிறகுதான் மேய்ச்சல். வாய்க்கால் ஓரச் சதுப்பில் நத்தை இருந்தால் அந்தப் பக்கமே விடுவதில்லை, ஈரல் தட்டைப்புழு அங்கிருந்துதான் வருகிறது.

அக்டோபர் 31

மூன்று நாள் விடாத மழை. மேல்வயலில் முழங்கால் அளவு, பள்ளத்தில் பயிரின் நுனிகூடத் தெரியவில்லை. பள்ளத்தில் சி.ஆர். 1009 சப்-1 நெல் போட்டிருப்பதால் கொஞ்சம் தைரியம், முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம்வரை தாங்கக்கூடிய ரகம். வடிகாலில் தண்ணீர் நகர்கிறது. மெதுவாகத்தான், ஆனால் நகர்கிறது. கீழ்க்கரைக்காரர்கள் வெட்டிவிட்டது வீண் போகவில்லை.

நவம்பர் 4

மேல்வயலில் தண்ணீர் இறங்கி, இலை மஞ்சளாக நிற்கிறது. பக்கத்து வயல் தம்பி யூரியா மூட்டையோடு வந்து, "அண்ணே, இப்பவே வீசிடலாமா?" என்றான். அவன் வயலில் இன்னும் கணுக்கால் தண்ணீர் நிற்கிறது. அதில் வீசினால் உரம் வடிகாலோடு போகும், மூச்சு முட்டிக் கிடக்கும் வேரும் அதை எடுக்காது. முதலில் நன்றாக வடியட்டும் என்று சொல்லி அனுப்பினேன். பயிர் மஞ்சளாக நிற்கும்போது கை சும்மா இருக்காது, எனக்கும் அப்படித்தான். ஆனாலும் இந்த இரண்டு மூன்று நாள் பொறுக்கத்தான் வேண்டும்.

வடிந்த வயலில் வேர் தேறும்வரை இலைவழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட், 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது. பயிர் நிமிர்ந்த பிறகு மேலுரம்: 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து வீச வேண்டும். பச்சை திரும்புகிறதே என்று அதற்கு மேல் யூரியாவைக் கொட்டினால் இலைசுருட்டுப்புழுவும், சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியும்தான் வரும்.

நவம்பர் 8

கறவை மாட்டுக்கு ஒரு காம்பு வீங்கிச் சூடாக இருந்தது. கொட்டகைத் தரை சேறானதுதான் காரணம், மணலும் சாம்பலும் போட்டிருக்க வேண்டும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, மடியைக் கழுவிக் கழுவிப் பகலில் பத்து முறை பூசினோம். பால் திரிந்து வந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ காத்திருக்கக் கூடாது, கால்நடை மருத்துவ உதவிக்கான 1962-க்கு அழைத்துவிட வேண்டும்.

நவம்பர் 12

அடங்கலும் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று) வங்கிப் புத்தகமும் ஆதாரும் எடுத்துப்போய்ப் பொதுச் சேவை மையத்தில் பயிர்க் காப்பீடு கட்டிவிட்டு வந்தேன். சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள், நம் பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். கஜா புயல் வந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை. அந்தத் தேதிக்கு முன்னால் இதைக் கட்டாமல் எனக்குத் தூக்கம் வராது.

மேல்வயலில் புதுத் தூர் வெடித்திருக்கிறது. பள்ளத்தில் நேற்றுத்தான் நுனி தெரிந்தது, இன்னும் இரண்டு நாளில் வடிந்துவிடும். தம்பி தன் வயலில் தெளித்து முடித்ததும் தெளிப்பானைத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.