முதல் சுற்று

"முதல் சூடேற்றத்தையும் வரைபடத்தில் போடலாமா சார்?" என்று என் மாணவி கேட்டாள். "அது ஈரம். விட்டுவிடம்மா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஒன்றரை ஆண்டாகியும் அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

எங்கள் பொருள் இரும்பு-டிரையசோல் சங்கிலி: இரும்பு அணுக்களை டிரையசோல் என்ற நைட்ரஜன் வளைய மூலக்கூறுகள் கோத்தது. ஊதா நிறத்தில் இருக்கும். 380 கெல்வினை, அதாவது சுமார் 107 டிகிரி செல்சியஸை ஒட்டிக் காய்ச்சினால் வெளுக்கும். ஆறவிட்டால் 345 கெல்வின் அளவுக்கு இறங்கிய பிறகுதான் ஊதாவுக்குத் திரும்பும். ஊதா நிலையில் இரும்பின் ஆறு டி-எலக்ட்ரான்களும் இணை சேர்ந்திருக்கும். வெளுத்ததும் நான்கு தனித்து நிற்கும், பாராகாந்தம், அதாவது காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மை, பிறக்கும். இந்தத் திடீர்த் தாவல், மின்புலத்தில் பொருள் எவ்வளவு மின்னூட்டம் தேக்கும் என்று சொல்லும் மின்காப்பு மாறிலியிலும் தெரிந்தால், காந்த நிலையை மின்சாரத்தால் அறியலாம். இத்தனை பாடும் அதற்காகத்தான்.

ஒருமுறை சூடேற்றி ஆறவிடுவது ஒரு சுற்று. இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில் காந்தத் தாவலும் மின் தாவலும் ஒரே வெப்பநிலையில் விழுந்தன. முதல் சுற்றில் மட்டும் மின் தாவல் ஏழெட்டு டிகிரி தள்ளி வந்தது. ஐப்பசி மழையில், வேலூர்க் காற்றில் திறந்து கிடந்த, பொடியை அழுத்திச் செய்த வில்லை. நீர் ஏறாமல் இருக்குமா? முதல் சுற்றை ஒதுக்குவது துறையில் வழக்கமும்கூட. நான் சொன்னதில் தவறில்லை.

"ஈரமென்றால் எடை குறைந்திருக்க வேண்டுமே சார், நிறுத்துப் பார்க்கவா?" என்று அவள் மறுபடி கேட்டாள். "பிறகு பார்க்கலாம்" என்றேன். ஒரு நாள் வேலை. அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

எனக்குத் தெரியாததா? ஸ்பின், அதாவது எலக்ட்ரான்கள் இணை சேர்ந்த நிலை, மாறும்போது இரும்பு-நைட்ரஜன் பிணைப்பு சுமார் 0.2 ஆங்ஸ்ட்ராம் நீள்கிறது, படிகமே உப்புகிறது. அழுத்திச் செய்த வில்லையில் விரிசல் விழலாம், மின்கம்பியை ஒட்டும் வெள்ளிப்பசை விலகலாம். அப்படியானால் நாங்கள் அளந்த தாவலில் மூலக்கூறின் பங்கு எவ்வளவு, வில்லை உப்பியதன் பங்கு எவ்வளவு? காந்த அளவீடோ வெளியூர் ஆய்வகத்தில், உலர்த்திய பொடியில் எடுத்தது. இரண்டையும் ஒரே பொருள் என்றுதான் எழுதினோம். பொருள் ஒன்றுதான். ஆனால் அவற்றின் நிலை?

வேலை கிடைத்து அவள் காட்பாடியில் ரயிலேறிப் போய்விட்டாள். அதே தொகுதியில் அழுத்திய, ஒருமுறையும் சூடு காணாத வில்லை ஒன்று மூடிய குப்பியில் இருக்கிறது. சென்ற வாரம் அதை நிறுத்து எடையைக் குறித்தேன். உலையில் இன்னும் வைக்கவில்லை.