மூக்குப்பொடிக் குழி

ஜூன் 12, 2025

சேலம் பெரியாஸ்பத்திரி, எலும்பு ஓபி. போன வருஷம் பிப்ரவரியில் ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் மிளகு பறிக்கும்போது ஏணி சறுக்கி, அப்பா வலது கையை ஊன்றி விழுந்தார். அன்றே மலையிறங்கி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தோம். "முறிவு இல்ல, சுளுக்குதான்" என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்கள். பதினெட்டாம் நாள் மறுபடி ஏணி ஏறிவிட்டார். இப்போது துண்டைக்கூடப் பிழிய முடியவில்லை.

இன்றைக்குப் பார்த்த டாக்டர், படத்தைத் தொடுவதற்கு முன்பே கட்டை விரலை விரிக்கச் சொன்னார். விரலடியில் ஒரு குழி விழுமே, மூக்குப்பொடி வைத்து உறிஞ்சுகிற இடம், அங்கே லேசாக அழுத்தினார். அப்பா "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டார். அதற்கு அடியில் படகு மாதிரி ஸ்கேஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு. இரண்டாகக் கிடக்கிறது. அதற்கு ரத்தம் விரல் பக்கமிருந்து பின்னோக்கித்தான் போகுமாம். நடுவில் முறிந்தால் முன்கையை ஒட்டிய துண்டுக்கு ரத்தம் கிடைக்காமல் போகலாம். அப்பாவுக்கு அந்தத் துண்டு செத்துக்கொண்டிருக்கிறது. இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து வைத்து ஸ்க்ரூ போட வேண்டும். பழைய பிடி வருமா என்று கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாதும்மா."

ஜூன் 13

தூக்கமில்லை. கேஸ் போட்டே தீருவது.

ஜூன் 15

அஸ்தம்பட்டியில் வக்கீல் அக்காவைப் பார்த்தேன். நான் கொதித்துக்கொண்டு போனேன். அவர் பொறுமையாகத் தண்ணீர் ஊற்றினார். "நோயைத் தப்பாச் சொன்னது வேற, கவனக்குறைவு வேற" என்றார். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் செய்திருக்கக்கூடியதைச் செய்தாரா என்றுதான் பார்க்க வேண்டும், விளைவு மோசம் என்பதாலேயே குற்றமாகாது.

அதைவிட உறைத்தது இன்னொன்று. இந்த எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியவே தெரியாதாம். பட்டறையில் நான் கணக்கு எழுதும் கொலுசுகளில் பத்த வைத்த இடம் விட்டிருந்தால் லென்ஸ் வைத்தால் தெரிந்துவிடும். எலும்பு அப்படியில்லை. படத்தில் முறிவு தெரியவில்லை என்பதற்காக அந்த டாக்டர்மேல் பாய முடியாது. சரி.

ஆனால் தெரியாது என்பதாலேயே ஒரு வழக்கம் இருக்கிறது. குழியில் அழுத்தி வலித்தால் முறிவு என்றே வைத்துக்கொண்டு மாவுக்கட்டு போட்டு, பத்துப் பதினாலு நாளில் மறுபடி படம் எடுப்பார்கள். "திரும்ப வரச் சொன்னாங்களா?" என்றார் அக்கா. சீட்டில் இல்லை. வாயால் சொன்னார்களா என்று சத்தியம் செய்ய முடியாது. நான் மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தேன்.

காசு கட்டி வைத்தியம் பார்த்ததால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்தே அப்படித்தான். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. கெடு இரண்டு வருஷம். சம்பவ நாளிலிருந்து எண்ணினால் வரும் பிப்ரவரியோடு சரி. மலேரியாவுக்கு டைபாய்டு மருந்து கொடுத்த ஒரு ஹைதராபாத் ஆஸ்பத்திரி வழக்கில், எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி தேவையில்லை என்று 2010-இல் தீர்ப்பாகியிருக்கிறது. "அதை நம்பிப் போக வேண்டாம், முதல்ல ரெக்கார்டு வாங்கிட்டு வா" என்றார்.

ஜூன் 17

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு கேட்டு எழுதிக் கொடுத்தேன். "பழைய ஃபைலெல்லாம் இருக்காதுங்க" என்றது வரவேற்பில் இருந்த பெண். கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அக்கா சொல்லி அனுப்பியதை ஒப்பித்தேன். நகலில் சீல் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

ஜூன் 20

கிடைத்தது. நான்கு தாள். மூன்று நம்மிடம் இருப்பவைதான். நான்காவது எக்ஸ்ரே ரிப்போர்ட், நாங்கள் போன மறுநாள் தேதியில். "ஸ்கேஃபாய்டில் முறிவு சந்தேகம், பத்து நாளில் மறு எக்ஸ்ரே எடுக்கவும்" என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. தாளின் தலையில் அப்பா பெயர், வயது, என் போன் நம்பர். பட்டறை வாசலில் நின்று ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தேன். பத்தும் சரி.

ஜூன் 22

ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவும் எப்படி அப்பாவிடம் சொல்வது என்ற யோசனையிலேயே போனது.

"கேஸ் போட்டா கை வருமா கண்ணு? அந்த டாக்டரு நல்லாத்தான் பேசினாரு. நானும் வலியோட ஏணி ஏறினேன்ல" என்றார். அதை அவர்களும் சொல்வார்கள், நஷ்டஈட்டைக் குறைக்கக்கூடும் என்று அக்காவும் எச்சரித்திருந்தார். மறைக்கவில்லை, அப்பாவிடமும் சொன்னேன். அப்புறம் நான்காவது தாளைப் படித்துக் காட்டினேன்.

வெளியே காப்பிச் செடிகள்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"நம்பரு சரியா எழுதியிருந்தாங்களா?"

"சரியா இருக்குப்பா."

"ஒரு போன் போட்டிருக்கலாம்" என்றார். பிறகு வக்காலத்துத் தாளைக் கேட்டார். கட்டை விரல் அழுந்தாது என்பதால் பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்தின் புள்ளி கோட்டுக்கு வெளியே விழுந்தது.