கொலுசைக் கழற்றிக் கொடுத்தாள்

தை மாதப் பனி விலகுவதற்குள் சேலம் சுகவனேசுவரர் கோயிலுக்குப் போய்விட்டோம். என் மனைவி தோளில் ஒரு துணிப்பை, என் கையில் ஒரு பை. அன்று மாலை அவள் ஏற்காட்டில் மௌன விரதம் தொடங்குகிறாள். காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு சிறிய ஆசிரமத்தில், ஒரு மண்டலம். நட்சத்திரம் 27, ராசி 12, கிரகம் 9 என்று கூட்டி 48 நாள். அதுவரை பேச்சு இல்லை, போன் இல்லை, கடிதமும் இல்லை.

"கொஞ்ச நாள் பேசாம இருக்கணும்ங்க" என்று அவள் முதலில் சொன்னது இரண்டு வருடத்துக்கு முன்பு. என்மேல் ஏதோ கோபம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். பல நாள் கழித்துத்தான் விளக்கினாள். ஆரம்பப் பள்ளியில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சத்தம் போட்டே சொல்லிக்கொடுத்தவள். "ஓய்வு வாங்கியும் உள்ளுக்குள்ள அந்தச் சத்தம் ஓயலீங்க. சாமி முன்னாடி நின்னாக்கூட நான்தான் பேசிட்டிருக்கேன்" என்றாள். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

இந்தக் கோயிலிலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்பது அவள் விருப்பம். பிரம்மனிடம் கேட்ட ரகசியத்தைச் சரஸ்வதியிடம் சொல்லிவிட்டதால் சுக முனிவர் கிளியானார் என்கிறது தலபுராணம். வேடன் விரட்ட, கிளிகள் ஒரு புற்றுக்குள் ஒளிந்தன. அவன் புற்றை வெட்டினான். உள்ளே இருந்த லிங்கத்தின் மேல் வெட்டு விழாமல் இருக்க, கிளிகளின் அரசன் சிறகை விரித்து மறைத்து உயிரை விட்டது. அப்படியும் பட்ட வடு இறைவன் திருமுடியில் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அன்றைக்கு அந்தச் சிறகு மட்டும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. நான்கு முனிவருக்கும் வாய் திறவாமலே பாடம் சொன்ன தட்சிணாமூர்த்தி முன்னால் அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் சற்றுத் தள்ளித் தூண் ஓரமாக நின்றுகொண்டேன். சொர்ணாம்பிகை சந்நிதிக் குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்தாள்.

அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை ஏறும்போதே காது அடைத்துக்கொண்டது. அவள் பேசிக்கொண்டே வந்தாள். கேஸ் சிலிண்டர் எப்போது பதிவு செய்ய வேண்டும், அத்தைக்கு ரத்த அழுத்த மாத்திரை எந்த டப்பாவில், பால்காரருக்கு எவ்வளவு பாக்கி. எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றேன். வீட்டைப் பற்றி அவளுக்குள் இருந்ததையெல்லாம் என்னிடம் இறக்கி வைக்கிறாள் என்று தோன்றியது. ஒன்றையும் மறந்துவிடக் கூடாதே என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஏற்காட்டில் இறங்கி ஆட்டோ பிடித்துச் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். மலையின் உச்சி அது, 5,326 அடி. மரங்கள் விலகி, வெட்டவெளியாகப் புல்தரை விரியும் இடம். கோயில் ஒரு குகைதான். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரி அம்மனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். இந்தக் குகை காவிரி வரை நீள்கிறது என்பது மலைமக்கள் நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மலையாளி மக்கள் திரண்டு வருவார்கள். கேரளத்தவர் அல்லர், காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாகச் சொல்லும் மலைவாழ் மக்கள். நாங்கள் போன அன்று கூட்டமே இல்லை. குகைக்குள் விளக்கின் வெளிச்சம், கல்லின் குளிர், எங்கள் இருவர் மூச்சு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளுக்குத் தெரியாமல் கம்பளிக்குள் ஒரு கடிதத்தை மடித்து வைத்திருந்தேன். முதல் நாள் ராத்திரி எழுதியது. "நீ இல்லாத வீட்டில் எப்படி இருக்கப் போகிறேனோ" என்று ஒரு வரி அதில் உண்டு. அன்பாகத்தான் எழுதினேன். குகைக்குள் குனிந்து நிற்கும்போது அந்த வரி நெஞ்சை உறுத்தியது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ குளிருக்குக் கம்பளியை விரிப்பாள், அது கையில் கிடைக்கும். அதைப் படித்த பிறகு அவள் எப்படி உட்காருவாள்? என் ஏக்கத்தை அவள் முதுகில் கட்டி அனுப்பிவிட்டு, துணை நிற்கிறேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியுமா? அவள் அம்மனுக்குப் பூ வைக்கும் நேரத்தில் பையைத் திறந்து அதை எடுத்துவிட்டேன்.

ஆசிரமத்தில் அதிகம் நடக்கவில்லை. அவசரத்துக்கு என் எண்ணை எழுதிக் கொடுத்தேன். வெறும் வயிற்றில் போட வேண்டிய தைராய்டு மாத்திரை 48 நாளைக்கும், முட்டிக்குத் தைலமும் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்தோம். காலையில் கஞ்சி, ஒரு வேளை சாப்பாடு, ஏதாவது வேண்டுமென்றால் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்று அங்கிருந்த அம்மா சொன்னார். உள்ளே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. ஒரு குருவிச் சத்தம்.

வாசற்படியில் உட்கார்ந்து அவள் கொலுசைக் கழற்றினாள். "நடந்தா சத்தம் கேக்கும்ங்க. மத்தவங்களுக்குத் தொந்தரவு" என்று என் கையில் கொடுத்தாள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை என் தொழில். கல்யாணமான வருடம் நானே பற்றவைத்த கொலுசு அது. வீட்டில் அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்பதை முப்பத்தொரு வருடமாக அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அறிந்திருக்கிறேன். அவள் பாதம் வெறுமையாக இருந்ததைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. அவள் பார்க்கும் முன் துடைத்துக்கொண்டேன். "போயிட்டு வாம்மா" என்றேன். "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். விரதத்துக்கு முன் அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

இறங்கும் பேருந்தில் இருபது வளைவும் நீளமாகத் தெரிந்தன.

வீட்டில் அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "குடும்பப் பொம்பள இத்தன நாள் வெளிய இருக்கலாமாடா?" என்கிறார். "நானும் பிள்ளைங்களும் சபரிமலைக்குப் போனப்ப அவதானேம்மா வீட்டைப் பார்த்தா" என்று சொன்னேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் சாயங்காலம் அவரே திரியைத் திரித்து விளக்கருகே வைத்திருந்தார். அக்கம்பக்கத்தில் "ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டார்கள். நிறுத்தி நிதானமாக விஷயத்தைச் சொன்னேன். என் தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்குத் தனியாகப் போய், பத்துப் பேருக்குப் பதில் சொன்னேன். அவள் திரும்பி வரும்போது இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அவளுக்காக மிச்சம் இருக்கக் கூடாது.

மூன்றாம் நாள் மழை பெய்தது. மலையில் எப்படிக் குளிருமோ, முட்டி வலிக்குமோ என்று ஆசிரமத்துக்குப் போன் செய்ய எண்ணை எடுத்துவிட்டேன். வேண்டுமென்றால் சீட்டில் எழுதிக் கேட்பாள். போனைக் கீழே வைத்துவிட்டு, அவள் வழக்கமாக உட்காரும் நேரத்தில் பூஜை மாடத்தின் முன் நானும் உட்கார்ந்தேன். கால் மணி நேரம்கூட மனம் நிற்கவில்லை. அவள் எடுத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து தினமும் உட்காருகிறேன்.

நேற்று ஒன்பதாம் நாள். பட்டறையில் ஆள்கள் போன பிறகு அந்தக் கொலுசை எடுத்துப் பார்த்தேன். ஒரு முத்து தளர்ந்திருந்தது. பற்றவைத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியில் சத்தம் வராமல் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாடத்தில் சொர்ணாம்பிகை படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.